பிரஸ் திறக்குது, எட்டிப் பாருங்க!

‘புஸ்ஸ்ஸ்...’ என்று காற்று இறங்குகிறது. சூடான பிரஸ் வாய் திறக்கிறது. உள்ளேயிருந்து இழுத்தெடுக்கும் பொருளைப் பார்த்தால், இதற்கா இத்தனை பரபரப்பு என்று தோன்றும். ஓரமெங்கும் எபாக்சி பிசின் வழிந்து உறைந்திருக்கிறது. கண்ணாடியிழை நார்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஓரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, அதை ஒரு சமதள மேசையில் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். இரு முனைகளுக்கு அருகே மட்டும் மேசையைத் தொடுகிறது. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி! கையால் அழுத்தினால் தாழ்கிறது, விட்டால் துள்ளி எழுகிறது. சற்றுமுன் வரை மரம், இழை, பிளாஸ்டிக், இரும்பு என்று தனித்தனியாகக் கிடந்தவை, இப்போது ஒரே உடலாகத் துள்ளுகின்றன!

இதுதான் ஸ்னோபோர்டு பிறக்கும் தருணம். கடைச் சுவரில் வண்ண வண்ணமாகத் தொங்கும் பலகைகளைப் பார்த்துச் சொக்கி நிற்பவர்கள் ஏராளம். படம் அழகாக இருக்கிறது, வாங்கிவிடலாம் என்று கை நீளும். கொஞ்சம் பொறுங்கள்! அந்தப் படத்துக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது. அதுவும் நீங்கள் தேடுவது ‘ஆல்-மவுன்டன் ஃப்ரீஸ்டைல்’ ரகம் என்றால், உள்ளே நடந்திருக்கும் பேரங்களைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே போவோம்!

ஒரே நாளில் மூன்று மலைகள்

முதலில், இந்த ரகம் யாருக்கு? காலையில் லிஃப்ட் திறந்ததும், இரவில் எந்திரம் ஓட்டிச் சீர்செய்த சரிவில் வேகமாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். பனி புதிதாகப் பெய்திருந்தால் மரங்களுக்கிடையே பொடிப்பனியில் மிதக்க வேண்டும். மதியத்துக்கு மேல், மேடும் இரும்புக் கம்பியுமாக அமைத்திருக்கும் டெரெயின் பார்க்குக்குப் போய், மேட்டில் ஏறிப் பறந்து, அந்தரத்தில் சுழன்று, பின்பக்கமாகவும் இறங்க வேண்டும். இத்தனையும் ஒரே பலகையில்!

ஒவ்வோர் ஆசையும் அடுத்த ஆசையோடு சண்டை போடுகிறது. வேகத்துக்கு விறைப்பு வேண்டும். பார்க்குக்கு நெகிழ்வு வேண்டும். பொடிப்பனியில் மூக்கு நீளமாக, மேல்நோக்கி எழுந்திருக்க வேண்டும். பின்பக்கமாக இறங்க மூக்கும் வாலும் சமமாக இருக்க வேண்டும். உறைந்த பனியில் விளிம்பு கடிக்க வேண்டும்; இரும்புக் கம்பிமேல் சறுக்கும்போது அதே விளிம்பு கடிக்கவே கூடாது. இத்தனை சண்டைகளையும் ஒரே பலகைக்குள் சமாதானம் செய்து வைப்பவர்கள்தான் தொழிற்சாலைக்காரர்கள். எந்தச் சண்டையில் யார் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், உங்கள் பலகை எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டின் தொடக்கமோ மிக எளிமையானது. 1965 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மஸ்கீகனில், ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அதுதான் ‘ஸ்னர்ஃபர்’. காலைப் பூட்டப் பைண்டிங் கிடையாது, இரும்பு விளிம்பு கிடையாது. பிடித்துக்கொள்ள மூக்கில் ஒரு கயிறு, அவ்வளவுதான்! ஸ்னர்ஃபரில் விளையாடி வளர்ந்த ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-இல் வெர்மான்ட் மாநிலத்தின் லண்டன்டெரியில் பர்ட்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த ‘கஸ்டம்’ என்ற பலகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. எல்லாச் சரிவுக்கும் ஒரே பலகை என்ற ஆசைக்குப் பெயர் வாங்கித் தந்த பலகைகளில் அது முக்கியமானது.

முதல் அறை: மர வாசனை!

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைப்பது மரத்தூள் வாசனை. ஆமாம், இத்தனை நவீனமான பொருளின் நெஞ்சுக்குள் இருப்பது மரம்! பாப்லர், ஆஸ்பென், பாவ்லோனியா, பீச், மூங்கில் என்று பல வகைகளை மெல்லிய பட்டைகளாக அறுத்து, நிறுத்தி ஒட்டி, ஒரே பாளமாக்குகிறார்கள். இதுதான் ‘கோர்’.

எந்த மரம் எங்கே போகிறது என்பதில்தான் சூட்சுமம். பாவ்லோனியா மிக இலேசானது, பலகையின் எடையைக் குறைக்கும், ஆனால் மென்மையானது. பாப்லரில் துள்ளலும் வலுவும் நிதானமாகக் கலந்திருக்கும், அதனால்தான் பரவலாகப் பயன்படுகிறது. பீச் கனமானது, உறுதியானது. அழுத்தம் அதிகம் விழும் இடங்களில் அதைப் பட்டையாகச் செருகுகிறார்கள்.

அடுத்து கணினி சொல்கிறபடி செதுக்கும் எந்திரத்தின் முறை. காலுக்கடியில் தடிமனாகவும், முனைகளை நோக்கிப் போகப்போக மெல்லியதாகவும் கோரைச் செதுக்குகிறது. ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு கூடினாலே பலகையின் விறைப்பு கணிசமாக மாறிவிடும்! கடையில் ‘ஃப்ளெக்ஸ் 5’, ‘ஃப்ளெக்ஸ் 7’ என்று படிக்கிறோமே, அந்த எண்ணின் பெரும்பகுதி இங்கேதான் முடிவாகிறது.

இங்கே ஒரு முக்கியமான உள்விஷயம். அந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 6 ஆக இருக்கலாம். ஒரே கம்பெனியின் பலகைகளுக்குள் ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும். பத்துக்கு 2, 3 என்றால் பார்க்கில் வளைத்து விளையாடும் மென்மை; 8, 9 என்றால் செங்குத்தான சரிவுக்கான விறைப்பு; ஆல்-மவுன்டன் ஃப்ரீஸ்டைல் பலகைகள் பெரும்பாலும் 5, 6, சில நேரம் 7 என்று நடுவில் நிற்கும். 55 கிலோ எடையுள்ளவருக்கு விறைப்பாகத் தெரியும் அதே பலகை, 85 கிலோ எடையுள்ளவருக்கு இளகித் தெரியும். எண்ணைப் படிக்கும்போது உங்கள் எடையையும் கூடவே சேர்த்துப் படியுங்கள்.

இழையும் பிசினும்

கோருக்கு மேலும் கீழும் கண்ணாடியிழைத் துணி விரிக்கப்படுகிறது. எபாக்சியை ஊற்றி, ஒவ்வொரு நூலும் நனையும்படி தேய்த்துப் பரப்புகிறார்கள். பிசின் இறுகத் தொடங்குவதற்குள் எல்லா அடுக்குகளும் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். கைகள் பறக்கின்றன!

இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று உற்றுப் பாருங்கள். ‘பையாக்ஸ்’ என்றால் இழைகள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டும் ஓடும். ‘ட்ரையாக்ஸ்’ என்றால் நீளவாக்கோடு, இருபுறமும் 45 பாகை சாய்ந்த இழைகளும் சேரும். இதனால் என்ன ஆகும்? பலகை இரண்டு வகையில் வளைகிறது. மூக்கிலிருந்து வால்வரை வளைவது ஒன்று; ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்வது மற்றொன்று. சாய்ந்த இழைகள் அந்த முறுக்கத்தைக் கட்டுப்படுத்தும். பையாக்ஸ் பலகை இலகுவாக முறுக்கிக்கொடுக்கும், வளைவுக்குள் நுழைவது சுலபம், தப்பாகக் கால் வைத்தாலும் மன்னித்துவிடும். ட்ரையாக்ஸ் பலகை வேகத்திலும் உறைபனியிலும் உறுதியாகக் கடித்து நிற்கும். சில பலகைகளில் கார்பன் இழைப் பட்டைகளையும் சேர்க்கிறார்கள். வாலை அழுத்தி எம்பும்போது கிடைக்கும் அந்தத் துள்ளலைக் கூட்டுவதற்காக!

பைண்டிங்கை முடுக்கும் மறைகள் கோருக்குள் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏற்கெனவே செருகப்பட்டிருக்கும். கீழே ‘பேஸ்’ வந்து மூடியதும் அவை அங்கே இருந்த தடயமே தெரியாது. பெரும்பாலான பலகைகளில் 4×4 அல்லது 2×4 வரிசை இருக்கும். பர்ட்டன் பலகைகளிலோ நீளமான ஒரு பள்ளம். அதற்கு ‘சேனல்’ என்று பெயர். உங்களிடம் ஏற்கெனவே பைண்டிங் இருந்தால், அதன் வட்டு எந்த அமைப்புக்குப் பொருந்தும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அச்சுக்குள் ஒளிந்திருக்கும் வளைவு

இப்போது பிரஸ்! மனம் துள்ளும் இடம் இதுதான். அச்சு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியேதான் பலகையும் வளைந்து வெளியே வரும். இந்த ஒரு வளைவு, பலகையின் குணத்தையே தீர்மானிக்கிறது.

‘கேம்பர்’ என்றால் நடுப்பகுதி மேலெழுந்த வில். நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, உங்கள் எடையை விளிம்பு முழுவதும் பகிர்ந்து கொடுக்கும். கடி அபாரம், துள்ளல் அபாரம். ஆனால் தவறான விளிம்பு பனியில் சிக்கினால் பளார் என்று கீழே தள்ளிவிடும்.

‘ராக்கர்’ என்றால் நேர் எதிர்: முனைகள் மேலெழுந்திருக்கும். பொடிப்பனியில் மிதக்கும், விளிம்பு அவ்வளவாகச் சிக்காது. ஆனால் வேகத்தில் கொஞ்சம் அலைபாயும்.

2000-களின் இரண்டாம் பாதியில் வாஷிங்டன் மாநிலத்தின் மெர்வின் தொழிற்சாலை, இரு கால்களுக்கும் நடுவே ராக்கர் வைத்த ‘பனானா’ வடிவத்தைப் பிரபலமாக்கியதும், பலகை உலகமே தலைகீழாகிவிட்டது! லிப் டெக், ஜிஎன்யூ பலகைகள் பிறக்கும் இடம் அந்தத் தொழிற்சாலைதான். மெர்வினின் இன்னொரு குறும்பு ‘மேக்ன-ட்ராக்‌ஷன்’: விளிம்பு நேராக ஓடாமல் அலை அலையாக நெளிந்து போகும். நம் ஊர்க் கருக்கரிவாளின் பற்கள் தாளைக் கவ்வுவதுபோல, அந்த நெளிவுகள் உறைந்த பனியைக் கவ்விக்கொள்ளும்.

பிறகு எல்லோரும் கலவைக்கு வந்தார்கள். இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. நடுவில் கேம்பர், முனைகளில் ராக்கர் என்பது ஒன்று. கால்களுக்கு நடுவே ராக்கர், கால்களுக்கு அடியில் கேம்பர் என்பது மற்றொன்று. முதலாவதில் கடியும் துள்ளலும் முன்னே நிற்கும். இரண்டாவதில் மிதப்பும் விளையாட்டும் முன்னே நிற்கும். பர்ட்டன் கஸ்டமே முழுக் கேம்பரிலும் வருகிறது, இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்த ‘ஃப்ளையிங் வி’ வடிவிலும் வருகிறது. ஒரே பெயர், இரண்டு சுபாவம்! பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

முதல் குடும்பத்துக்கு அருமையான சான்று கேபிடா நிறுவனத்தின் ‘டி.ஓ.ஏ.’. ஆஸ்திரியாவின் ஃபைஸ்ட்ரிட்ஸ் ஆன் டெர் கைல் என்ற மலைக்கிராமத்தில், ‘மதர்ஷிப்’ என்று அவர்களே செல்லமாக அழைக்கும் தொழிற்சாலையில், நீர்மின்சாரத்தின் பலத்தில் அது உருவாகிறது. பனியில் சறுக்கும் பலகையை மலைநீரே செய்து கொடுக்கிறது! இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள்: ஜோன்ஸ் நிறுவனத்தின் பலகைகள் பிறப்பது துபாயில். பாலைவன ஊரில், பொடிப்பனிக்கான பலகை!

மூக்கா, வாலா?

அடுத்த மேசையில் பலகையை மேலிருந்து பார்ப்போம். மூக்கும் வாலும் அளவிலும் விறைப்பிலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்து, நிற்கும் இடம் நட்டநடுவில் இருந்தால் அது ‘ட்ரூ ட்வின்’. மூக்கு கொஞ்சம் நீண்டோ, நிற்கும் இடம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வால்பக்கம் தள்ளியோ இருந்தால் அது ‘டைரக்‌ஷனல் ட்வின்’.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் சேஜ் காட்சன்பர்க், ஜேமி ஆண்டர்சன் இருவரும் தங்கம் வென்றார்கள். கம்பி, மேடு, மறுபடி மேடு என்று போகும் அந்தப் போட்டியில் வீரர்கள் பின்பக்கமாகவும் புறப்படுவார்கள், பின்பக்கமாகவும் இறங்குவார்கள். ட்வினின் அருமை அங்கேதான் தெரியும். உங்கள் நாளில் பாதிக்கு மேல் பார்க்கில் போகிறதென்றால் ட்ரூ ட்வின். பார்க் கொஞ்சம், பொடிப்பனியும் மரக்காடும் அதிகம் என்றால் டைரக்‌ஷனல் ட்வின். இரண்டிலும் பின்பக்கமாகச் சறுக்கலாம்; அந்தச் சில சென்டிமீட்டர் சொல்வது உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான்.

பலகையின் இடுப்பு ஒடுங்கியிருப்பதையும் கவனியுங்கள். அந்த ஒடுக்கத்துக்கு ‘சைடுகட்’ என்று பெயர். அந்த வளைவைத் தொடர்ந்து நீட்டி ஒரு முழு வட்டமாக வரைந்தால், ஆரம் பெரும்பாலும் 7 முதல் 8.5 மீட்டர் வரை வரும். ஆரம் குறைந்தால் சட்டென்று திரும்பும். கூடினால் நீண்ட, நிதானமான வளைவு. அதோடு ‘எஃபெக்டிவ் எட்ஜ்’ என்ற அளவையும் பாருங்கள்: சாய்ந்து திரும்பும்போது உண்மையில் பனியைத் தொடும் விளிம்பின் நீளம் அது. ஒரே நீளமுள்ள இரண்டு பலகைகளில் இந்த அளவு மாறலாம். அது அதிகமுள்ளது வேகத்தில் அதிக உறுதியோடு நிற்கும்.

அடிப்பாகத்தின் ரகசியம்

பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள். வழுவழுவென்று மின்னும் இந்தப் பேஸ், ஒருவகைப் பாலிஎத்திலீன். இரண்டு வழிகளில் செய்கிறார்கள். உருக்கிப் பிதுக்கித் தகடாக்கினால் ‘எக்ஸ்ட்ரூடட்’. விலை குறைவு, பழுது பார்ப்பது சுலபம், வேக்ஸ் தடவ மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி உருளையாக்கி, அதிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவியெடுத்தால் ‘சின்டர்டு’. நுண்துளைகள் வேக்ஸை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேகம் கூடுதல். ஆனால் சீராட்டிக் கவனிக்க வேண்டும். விளிம்பை ஒட்டி வெளுத்துப் போனால் பேஸ் தாகத்தில் இருக்கிறது என்று அர்த்தம்! மாதம் ஒருமுறைகூட வேக்ஸ் வைக்க மாட்டேன் என்பவருக்கு விலை உயர்ந்த சின்டர்டு பேஸால் பெரிய பலனில்லை.

கிரெய்க் பெயரில் ஓர் அறை

இனி எட்டிப் பார்க்கப்போவது, ரசிகர்கள் கனவு காணும் இடம்! வெர்மான்ட்டின் பர்லிங்டனில் பர்ட்டனின் சோதனைக்கூடம் இருக்கிறது. பெயர் ‘கிரெய்க்ஸ்’. ஸ்னோபோர்டு உலகின் மாபெரும் கலைஞர்களில் ஒருவரான கிரெய்க் கெல்லி, 2003 ஜனவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனிச்சரிவில் உயிரிழந்தார். சறுக்குகிறவரின் கால் சொல்வதைப் பொறியாளர் கேட்க வேண்டும் என்பதைத் தன் உழைப்பால் நிலைநாட்டியவர் அவர். அவர் பெயர் தாங்கிய கூடத்தில்தான் புதிய பலகைகளின் முன்மாதிரிகள் உருவாகின்றன.

வீரர் ஒருவர், “வால் இன்னும் கொஞ்சம் விறைப்பாக வேண்டும்” என்பார். கோரின் தடிமனைத் திருத்தி, புதிதாக ஒன்றை அழுத்தியெடுத்து, மலைக்குக் கொண்டுபோய்ச் சறுக்கிப் பார்த்து, திரும்பி வந்து மறுபடி பேசுவார்கள். ஒரு பலகை கடைக்கு வரும் முன் இப்படி எத்தனை உரையாடல்களைக் கடந்து வருகிறது! உங்கள் கையில் இருக்கும் நெகிழ்வு தற்செயலாக வந்ததல்ல. யாரோ ஒருவர் கால் கேட்டு வாங்கியது.

கடையின் பின்னறையில்

கடைசி அறை, ரிசார்ட் ஓரக் கடையின் பின்பக்கம். இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் வேக்ஸ் உருகும் மணம், தரையெங்கும் சுருள் சுருளாகச் சீவல். இங்கே இருப்பவர்களிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது!

முதலில் அகலம். நீளத்தைப் பற்றியே பேசிப் பேசி அகலத்தை மறப்பவர்கள்தான் அதிகம். பூட்டின் நுனியும் குதிகாலும் பலகையைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. விளிம்பை அழுத்த அந்த நெம்பு தேவை. அதற்கு மேல் நீட்டினால், ஆழமாகச் சாயும்போது பூட் பனியில் உரசி, விளிம்பு பிடி விட்டுவிடும். அமெரிக்க அளவில் ஆண்கள் 10 என்றால் பாத நீளம் 28 செ.மீ.; அதற்கு 250 மி.மீ. தாண்டிய இடுப்பகலம் வசதியாக இருக்கும். 11-ஐத் தாண்டினால் ‘வைட்’ ரகத்தைக் கேளுங்கள். சிறிய பாதத்துக்கு அகலமான பலகை எடுத்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற நேரமெடுக்கும். பெண்களுக்கான பலகைகள் என்று வருபவை பெரும்பாலும் இடுப்பு ஒடுங்கி, குறைந்த எடைக்கேற்ற நெகிழ்வோடு இருக்கும். பாதமும் எடையும் பொருந்தினால் யாரும் எதையும் எடுக்கலாம்.

அடுத்து நீளம். பலகையை நிறுத்தி, தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். பலகைக்கோ உங்கள் உயரம் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்! கம்பெனி தரும் எடை அட்டவணைதான் நம்பகமானது. இரண்டு நீளங்களுக்கு நடுவில் விழுந்தால், பார்க் பிரியர்கள் குட்டையானதையும், வேகமும் பொடிப்பனியும் தேடுபவர்கள் நீளமானதையும் எடுக்கலாம்.

இப்போது ஒரு தாள் வித்தை! பலகையை மேசையில் வைத்து, அடியில் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். எங்கே தடையின்றி ஓடுகிறது, எங்கே சிக்குகிறது? சிக்குமிடம்தான் பலகை மேசையைத் தொடும் இடம். கேம்பரா, ராக்கரா, கலவையா என்று விளம்பர வாசகத்தைப் படிக்காமலே கண்டுபிடித்துவிடலாம்!

வாங்கியபின்பும் பின்னறைக்கு வேலை உண்டு. மூக்கிலும் வாலிலும், தரையைத் தொடாமல் மேலேறும் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுப்பார்கள்; தேவையில்லாமல் பனியில் சிக்காது. கம்பிமேல் அதிகம் சறுக்குபவர்கள் கால்களுக்கிடையே உள்ள விளிம்பையும் மழுக்கிக்கொள்வார்கள். உறைபனியில் வேகம் தேடுபவர் அதைத் தொடவே விடமாட்டார். ஒரே பலகை, மழுக்குவதில் இரண்டு வாழ்க்கை!

சரி, எதை எடுப்பது?

70 கிலோ சொச்சம் எடை, 28 செ.மீ. பாதம், தடுமாறாமல் இரு விளிம்பிலும் திரும்பத் தெரியும், இனிமேல்தான் பார்க்குக்குள் நுழைய ஆசை. இப்படி ஒருவர் கேட்டால் என் பதில் தயார்: 155 செ.மீ. அருகே, இடுப்பு 250 மி.மீ.க்கு மேல், ட்ரூ ட்வின், நடுவில் கேம்பர் முனைகளில் ராக்கர், நடுத்தர ஃப்ளெக்ஸ். கடியும் இருக்கும், மன்னிப்பும் இருக்கும். பல பருவங்கள் சறுக்கி, கால் தேறி, துள்ளல் போதவில்லை என்று ஏங்குபவருக்கு முழுக் கேம்பர். பனி கொட்டும் மலைக்குப் பக்கத்தில் வசிப்பவருக்கு டைரக்‌ஷனல் ட்வின்.

எந்த முடிவுக்கு வந்தாலும் வாங்கும் முன் ஒருமுறை சறுக்கிப் பாருங்கள். பல மலைகளில் கம்பெனிகளே கூடாரம் போட்டு, பலகைகளைச் சோதிக்கக் கொடுக்கும் ‘டெமோ’ நாட்கள் உண்டு. ஒரே பலகையை இரண்டு நீளங்களில் எடுத்து, அதே சரிவில் அடுத்தடுத்து இறங்குங்கள். இரண்டாவது வளைவிலேயே உங்கள் முழங்கால் தீர்ப்பு சொல்லிவிடும். அட்டவணையும் ஆலோசனையும் பலகைகளை இரண்டு மூன்றாகக் குறைக்கத்தான். கடைசி ஓட்டு உங்கள் காலுக்கு. அந்த ஓட்டு விழுந்துவிட்டதா? இனி ஆசை தீர, பிடித்த படம் உள்ளதாகப் பார்த்து அள்ளிக்கொள்ளுங்கள்!